அட்ரஸ் இல்லாத பட்டன்

"பட்டன்."

"பட்டன்."

"பட்டன்."

"ஏண்டா, இதுல எந்தப் பட்டனைத்தான் அமுக்குறது?"

கேட்டவர் பெரியப்பா. இடம் மதுரை. திங்கக்கிழமை காலை, ரெண்டாவது காபி ஆறிப்போய் ஆடை கட்டிருச்சு. கையில போன், மூஞ்சில கடுப்பு.

பெரியப்பாவுக்கு குளுக்கோமா. வலது கண்ணு போய் ஆறு வருஷம் ஆச்சு. இடது கண்ணுல வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். ஆனா மனுஷன் சும்மா உக்காரல. போன்ல டாக்பேக்னு ஒரு வசதி இருக்கே, ஸ்க்ரீன்ல இருக்கறதை வாய்விட்டுப் படிச்சுச் சொல்லுமே, அதை ஒரு மாசத்துல கத்துக்கிட்டார். விரலை வலது பக்கம் தேச்சா அடுத்தது என்னனு சொல்லும். ரெண்டு தட்டு தட்டினா அது திறக்கும். இப்ப வாட்ஸ்அப், பேங்க் மெசேஜ், காலைல பேப்பர் எல்லாமே இப்படித்தான். டாக்பேக் பேசுற வேகத்தைக் கேட்டா நமக்கு ஒரு வார்த்தை புரியாது. அவருக்கு அது சுப்ரபாதம் மாதிரி.

அப்படிப்பட்டவர், ஒரு சுகாதார இணையதளத்துல (பேர் வேணாம், பிழைச்சுப் போகட்டும்) கண் செக்கப்புக்கு டோக்கன் எடுக்க நாப்பது நிமிஷமா மல்லுக்கட்டிட்டு இருந்தார். தம்பி பையன் பக்கத்து ரூம்ல இருக்கான், ஒரு குரல் கொடுத்தா ரெண்டு நிமிஷத்துல முடிச்சுக் கொடுத்திருப்பான். அதைத்தான் அவர் விரும்பல. தன் கண்ணு விஷயம், தன் டோக்கன், தானே எடுக்கணும். அம்புட்டுதான்.

(இந்தத் தம்பி பையன்தான் இதை எழுதுற ஆசாமி. 'நான், நான்'னு எழுதி அவருக்கே சலிச்சுப் போச்சாம். இந்தத் தடவை தன்னையும் ஒரு மூணாவது மனுஷனா நிறுத்தி வச்சுப் பார்க்கிறார். பொறுத்துக்கோங்க.)

ஏன் வெறும் "பட்டன்"னு சொல்லுச்சு? பட்டனுக்கு யாரும் பேர் வைக்கல, அதான். பார்வை இருக்கறவங்களுக்கு அங்க ஒரு குட்டி காலண்டர் படம், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு வீடு, எல்லாம் பளிச்சுனு தெரியும். அந்தப் படத்துக்குப் பின்னால 'தேதியைத் தேர்ந்தெடுங்க'ன்னு ஒரே ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா டாக்பேக் அதைப் படிச்சிருக்கும். போடல. போடறதுக்கு ஒரு பட்டனுக்கு அஞ்சு நொடி ஆகும்.

பெரியப்பா ஆர்எம்எஸ்ல, அதான் ரயில்வே மெயில் சர்வீஸ்ல, முப்பது வருஷத்துக்கு மேல தபால் பிரிச்சவர். ராத்திரி ரயில்ல நின்னுக்கிட்டே கவரைப் புரட்டிப் புரட்டிப் பெட்டிக்குள்ள எறிஞ்ச கை அது. அவர் சொன்னார்: "அட்ரஸ் எழுதாத கவரு மாதிரிடா இது. உள்ள தங்கமே இருக்கட்டும், எங்க கையில வந்தா ஆர்எல்ஓவுக்குத்தான் போகும்."

ஆர்எல்ஓன்னா, யாருக்குன்னு தெரியாத தபால் எல்லாம் போய்ச் சேர்ற ஆபீஸ்.

அன்னைக்கு மத்தியானம் இதை எழுதுற நம்ம ஆளுக்கு ஒரு வீராப்பு வந்துச்சு. தானும் டாக்பேக்கை ஆன் பண்ணி, கண்ணை மூடிக்கிட்டு அதே தளத்தைப் பார்த்துடறதுன்னு. வால்யூம் பட்டன் ரெண்டையும் சேர்த்து அமுக்கிப் பிடிச்சா டாக்பேக் வந்துடும். வந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் எதைத் தொட்டாலும் அது பேசுது, திறக்க மாட்டேங்குது. ரெண்டு தட்டு தட்டணும்ங்கறதே பதட்டத்துல மறந்துபோச்சு. நடுவுல வீட்டுக்காரம்மா போன் வேற. எடுக்கவும் தெரியல, கட் பண்ணவும் தெரியல. ரிங்டோனுக்கு மேல அந்தப் பொண்ணு குரல் அவங்க பேரை ராகமா வாசிக்குது. பெரியப்பா சிரிச்ச சிரிப்பு இருக்கே! கையை நீட்டி போனை வாங்கி, மூணு செகண்ட்ல சரி பண்ணிக் கொடுத்தார். கண்ணு தெரியாதவர்.

அடுத்த சோதனை லேப்டாப்ல. மவுஸைக் கழட்டி ஓரமா வச்சுட்டு, டேப் கீ மட்டும். கை நடுங்குறவங்க, பார்க்கின்சன் இருக்கறவங்க, முதுகுத்தண்டுல அடிபட்டவங்க நிறையப் பேர் இப்படித்தான் ஓட்டறாங்க. மேல இருக்கற மெனுவைத் தாண்டறதுக்கே அறுபத்து மூணு தடவை டேப் அமுக்க வேண்டியிருந்துச்சு (எண்ணினார், வேற வேலை?). அதுலயும் இப்ப எந்த இடத்துல நிக்கிறோம்னே தெரியல. வழக்கமா ஒரு நீலக் கோடு கட்டம் கட்டிக் காட்டும். அது அசிங்கமா இருக்குன்னு டிசைன் பண்ணினவர் அழிச்சிருக்கார். 'அவுட்லைன் நன்'னு ஒரே வரி. இருட்டுல நடக்கறவன் கையில இருந்த டார்ச்சைப் பிடுங்கி, 'கலர் மேட்ச் ஆகல'ன்னு தூக்கிப் போட்ட மாதிரி. 'நேரா விஷயத்துக்குப் போ'ன்னு பக்கத்தோட தலைல ஒரு லிங்க் வச்சா அறுபத்து மூணு ஒண்ணாகும்.

சரி, இது ஏதோ ஒரு தளம், ஏதோ ஒரு திங்கக்கிழமைன்னு விட்டுடலாம். ஆனா நாடே ஒரே தளத்து வாசல்ல நின்ன ஒரு மாசம் இருக்கு. 2021 மே.

கொரோனா தடுப்பூசிக்குப் பதியற கோவின் தளம் ஞாபகம் இருக்கா? ஏப்ரல் 28 சாயங்காலம் 4 மணிக்கு 18லேர்ந்து 44 வயசுக்காரங்களுக்குப் பதிவைத் திறந்தாங்க. அன்னைக்கு ஒரே நாள்ல ஒரு கோடிக்கு மேல பேர் பதிஞ்சாங்க. மே 1லேர்ந்து அவங்களுக்கு ஊசி. ஆரம்பத்துல ஆன்லைன்ல நேரம் பிடிச்சாத்தான் உண்டு. அரசு மையத்துக்கு நேராப் போய் பதிஞ்சுக்கலாம்னு தளர்த்தினதே மே 24லதான். அந்த நடுவாந்திர மூணு வாரம் இருக்கே, தீபாவளிக்கு ட்ரெயின் டிக்கெட் புக் பண்றதைவிட மோசம். ஸ்லாட் வரும், கண் மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். கோடிங் தெரிஞ்ச பசங்க அலாரம் அடிக்கிற ப்ரோக்ராம் எழுதிக்கிட்டாங்க. நம்ம சென்னைக்காரர் பெர்டி தாமஸ் 'அண்டர் 45'ன்னு ஒரு தளமே செஞ்சு, டெலிகிராம்ல ஊர் ஊரா தகவல் அனுப்பினார்.

ப்ரோக்ராம் வச்சு ஸ்லாட்டை அள்ளறாங்கன்னு புகார் வந்ததும் தளத்துல கேப்சா வச்சாங்க. கோணல்மாணலா நெளியுமே அந்த எழுத்து, அதான். நீ மனுஷனா மெஷினான்னு கேக்கற கேள்வி. அதைக் கண்ணால பார்த்துத்தான் பதில் சொல்லணும். காதுல கேக்கற மாதிரி ஒரு மாற்று வைக்கல. ஆக, பார்வை இல்லாதவங்க மனுஷங்க இல்லன்னு அந்தப் பெட்டி முடிவு கட்டிடுச்சு. ப்ரோக்ராமைத் தடுக்கப் போட்ட வேலில மாட்டினது இவங்க.

தடுப்பூசி விவகாரத்தைத் தானா முன்வந்து விசாரிச்ச உச்ச நீதிமன்றம், 2021 மே 31 உத்தரவுல இந்தத் தளத்தோட ஓட்டைகளை ஒவ்வொண்ணா எழுதிச்சு. நீதிபதிங்க சந்திரசூட், நாகேஸ்வர ராவ், ரவீந்திர பட். ஒரு நீதிமன்ற உத்தரவு 'டேபிள் ஹெடர்' பத்திப் பேசும்னு யாராவது நெனச்சிருப்போமா? பேசுச்சு. கேப்சாவுக்கு ஒலி வழி இல்ல. வயசு, ஊசிப் பேரு, இலவசமா காசான்னு வடிகட்டற ஏழு ஃபில்டரும் ஸ்க்ரீன் ரீடருக்கு (டாக்பேக் அதுல ஒரு வகை) ஒத்து வரல, அதை ட்ராப்-டவுனா மாத்துங்க. கீபோர்டு வச்சு ஓட்ட முடியல. நேரம் பத்தாம லாக்-அவுட் ஆயிடுது. கலர் வித்தியாசம் சரியில்ல. கடைசில, தளத்தை மாற்றுத்திறனாளிகள் கண்ணோட்டத்துல தணிக்கை பண்ணச் சொல்லுச்சு.

இதுல அந்த டேபிள் சமாச்சாரம்தான் நம்ம ஆளுக்கு ரொம்பப் பிடிச்சது. கோவின்ல மேல வரிசையா தேதி, இடது பக்கம் மையத்தோட பேர், நடுவுல கட்டத்துக்குள்ள எத்தனை ஊசி இருக்குன்னு நம்பர். பார்க்கிறவங்களுக்கு ஒரு நொடி. ஸ்க்ரீன் ரீடர்ல கேட்டா "12... 0... 5..."ன்னு நம்பர் மட்டும் வரும். 12 இருக்கு, சந்தோஷம். என்னைக்கு? தெரியாது. கட்டத்தையும் தலைப்பையும் கோடிங்ல முடிச்சுப் போட்டா "புதன்கிழமை, 12"ன்னு படிக்கும். 'டிடி'ன்னு எழுதின இடத்துல 'டிஎச்'னு எழுதறதுலதான் விஷயமே இருக்கு. சும்மா சொல்லல, மேல்வரிசைக்கு வேண்டிய வித்தியாசம் அந்த ஒரு எழுத்துதான்.

பெரியப்பாகிட்ட இதைச் சொன்னதும் டக்குனு பிடிச்சுக்கிட்டார். "சார்ட்டிங் பெட்டி மேல ஊர்ப் பேரை எல்லாம் கிழிச்சுட்டு, எந்த ரூம்ல எத்தனை கவர் இருக்குன்னு மட்டும் சொன்னா எப்படி? அப்படித்தானே?"

அப்படியேதான்.

லாக்-அவுட் கதையும் லேசு இல்ல. நாம பக்கத்தை ஒரு பார்வை பார்த்து, வேணாத எண்பது சதவீதத்தைக் கண்ணாலயே தள்ளிடறோம். காதால படிக்கிறவங்களுக்கு எல்லாமே வரிசைலதான் வரும். சினிமா தியேட்டர் க்யூ மாதிரி, குறுக்க பூர முடியாது. அவங்க ஆஸ்பத்திரி பேரைக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள தளம் வெளில தள்ளிக் கதவைச் சாத்திடும். மறுபடி ஓடிபி. மறுபடி கேப்சா.

மொழியும் அப்படித்தான். ரொம்ப நாளா கோவின் இங்கிலீஷ் மட்டும். ஜூன் ஆரம்பத்துல இந்திய மொழிகளைச் சேர்த்தப்ப முதல் பட்டியல்ல தமிழைக் காணோம். இங்க ஒரே சத்தம். அடுத்த சில நாள்ல தமிழும் வந்துச்சு. மொழிக்காகச் சத்தம் போட நமக்கெல்லாம் தெரியும், தலைமுறை தலைமுறையாப் பழக்கம். கேப்சாவுக்காகச் சத்தம் போட்டவங்க எத்தனை பேர்? 2011 கணக்கெடுப்புப்படி நாட்டுல 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், தமிழ்நாட்டுல மட்டும் 11.79 லட்சம். கம்மிக் கூட்டமா என்ன? வெளில வர முடியாத, படுத்தபடுக்கையா இருக்கறவங்களுக்கு வீட்டுக்கே வந்து ஊசி போடலாம்னு மத்திய அரசு சொன்னது செப்டம்பர் 2021லதான்.

நம்ம ஊருதான் இப்படின்னு உச்சு கொட்டாதீங்க. அதே வருஷம் ஃபிப்ரவரில அமெரிக்காவுல கைசர் ஹெல்த் நியூஸ் ஒரு விசாரணை போட்டுச்சு. தடுப்பூசி சம்பந்தப்பட்ட 94 பக்கங்களை வெப்எய்ம்னு ஒரு அமைப்பு சோதிச்சதுல, கிட்டத்தட்ட எல்லாத்துலயும் கோளாறு. அப்புறம் அந்த நாட்டு நீதித்துறை பெரிய பெரிய மருந்துக்கடைச் சங்கிலிகளை ஒவ்வொண்ணா கூப்பிட்டு உக்கார வச்சு ஒப்பந்தம் போட்டுச்சு. ரைட் எய்டு 2021 நவம்பர்ல, ஹை-வீ டிசம்பர்ல, க்ரோகர் அடுத்த ஜனவரில, சிவிஎஸ் ஏப்ரல்ல. ரைட் எய்டு தளத்துல என்ன பிரச்சினைன்னா, காலி நேரம் காட்டற காலண்டர் ஸ்க்ரீன் ரீடர் காதுக்கே எட்டல. டேப் கீ வச்சு வந்தவங்களால சம்மதப் படிவத்துல ஒரு டிக் அடிக்க முடியல. பில்லியன் டாலர் கம்பெனி, பெரியப்பா மாட்டின அதே பள்ளம்.

இங்கிலாந்துல இன்னொரு கூத்து. 2020ல பிரதமர் ஆபீஸ்லேர்ந்து வந்த ரெண்டு கோவிட் விளக்கக் கூட்டத்துல சைகை மொழி பெயர்ப்பாளர் இல்ல. கேட்டி ரவ்லின்னு காது கேக்காத ஒரு பொண்ணு கேஸ் போட்டாங்க. அந்த ரெண்டு நாளும் அரசு பாகுபாடு காட்டினதுதான்னு 2021 ஜூலைல உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. 'மேலும் விவரங்களுக்கு இந்த எண்ணில் அழைக்கவும்'னு மட்டும் போட்டுட்டுக் கையைத் துடைச்சிக்கிற எல்லா சுகாதாரத் தளத்துக்கும் இந்தக் கேஸை பிரிண்ட் எடுத்து அனுப்பலாம். காது கேக்காதவர் எப்படிங்க அழைப்பார்? ஒரு வாட்ஸ்அப் நம்பர், ஒரு எஸ்எம்எஸ் வழி, சைகை மொழில ரெண்டு நிமிஷ வீடியோ, வீடியோவுக்கு அடில எழுத்து. இதுல ஏதாவது ஒண்ணுலயாவது ஆரம்பிக்கலாமே.

இப்ப அந்த 'அ+ அ-' சமாச்சாரத்துக்கு வருவோம்.

பல அரசுத் தளங்கள்ல மேல வலது மூலைல பார்த்திருப்பீங்க. எழுத்தைப் பெருசாக்க ஒரு பட்டன், சின்னதாக்க ஒரு பட்டன், கறுப்பு வெள்ளையாக்க ஒரு பட்டன். அது வேணாம்னு சொல்லல. ஆனா எழுத்தைப் பெருசாக்கற வசதி போன்லயும் ப்ரௌசர்லயும் ஏற்கனவே இருக்கு. தேவைப்படறவங்க அதை என்னைக்கோ பெருசாக்கி வச்சிருப்பாங்க. நீங்க பண்ண வேண்டியது, அப்படிப் பெருசாக்கினா பக்கம் சிதறாம நிக்கற மாதிரி கட்டறதுதான். பக்கத்துலயே 'ஸ்க்ரீன் ரீடர் அணுகல்'னு ஒரு லிங்க் இருக்கும். திறந்தா ஒரு அட்டவணை: எந்தெந்த ஸ்க்ரீன் ரீடர் எங்க கிடைக்கும், இலவசமா காசா. அதுல விண்டோ-ஐஸ்ங்கற பேரு இன்னும் சில இடத்துல இருக்கு. அது 2017லயே கடையை மூடிருச்சு. அது இருக்கட்டும், ஸ்க்ரீன் ரீடர் வச்சுத்தானே ஒருத்தர் அந்தப் பக்கத்துக்கே வந்திருக்கார்? அவர்கிட்ட போய் ஸ்க்ரீன் ரீடர் எங்க கிடைக்கும்னு சொல்றது, பஸ்ல உக்காந்திருக்கறவருக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்ற மாதிரி.

இதைவிடப் பெரிய பம்மாத்து அந்த மிதக்கற வட்டம். கையை விரிச்சு நிக்கற மனுஷப் படம் போட்டிருக்கும். ஒரு வரி கோடிங்கை ஒட்டினா போதும், செயற்கை நுண்ணறிவு உங்க தளத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏத்த மாதிரி மாத்திடும்னு விக்கறாங்க. அப்படி வித்த ஆக்சசிபிங்கற கம்பெனி பத்து லட்சம் டாலர் கட்டணும்னு 2025 ஜனவரில அமெரிக்க வர்த்தக ஆணையம் சொல்லுச்சு. காரணம், சொன்னதைச் செய்யல. வீட்டு வாசல்ல நாலு படி இருக்கு. சறுக்குப்பாதை கட்டாம, 'சக்கர நாற்காலிக்கு நல்வரவு'ன்னு கோலம் மட்டும் போட்ட கதை.

வெப்எய்ம் வருஷா வருஷம் உலகத்தோட முதல் பத்து லட்சம் தளங்களோட முகப்புப் பக்கத்தை மெஷின் வச்சு அலசும். 2019ல 97.8 சதவீதத்துல பிழை. 2025ல 94.8. ஆறு வருஷ ஓட்டம், மூணு புள்ளி. அதுல முதலிடம் யாருக்குத் தெரியுமா? மங்கலான எழுத்து. 79.1 சதவீதப் பக்கங்கள்ல. வெள்ளைல வெளிர் சாம்பல் கலர்ல எழுதறது என்ன ஃபேஷனோ. பின்னணிக்கும் எழுத்துக்கும் குறைஞ்சது 4.5க்கு 1 வித்தியாசம் வேணும்னு உலக அளவுல விதி இருக்கு. பெரியம்மாவுக்குக் கண் நல்லாத்தான் இருக்கு, வயசுக்கு ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். அவங்களும் மத்தியான வெயில்ல பஸ் ஸ்டாப்ல நின்னு போனைக் கண்ணுகிட்ட கொண்டுபோய், தள்ளி, சாய்ச்சு, கடைசில பக்கத்துல இருந்த காலேஜ் பொண்ணுகிட்ட நீட்டினாங்க.

தமிழுக்குன்னு சில தனித் தொல்லை இருக்கு. இதை வெளிநாட்டு வழிகாட்டில தேடினா கிடைக்காது.

சுகாதாரத் தளத்துல டெங்கு பத்தி ஒரு பிடிஎஃப் இருக்கும். திறந்தா அழகான தமிழ். ஸ்க்ரீன் ரீடர்ல கேட்டா ஏதோ பூசாரி மந்திரம் மாதிரி இங்கிலீஷ் எழுத்தா வரும். ஏன்னா அது யூனிகோடு இல்ல, பழைய ஃபான்ட்டு. இங்கிலீஷ் எழுத்து மேல தமிழ் முகமூடி. பாமினி ஃபான்ட்டுல 'அம்மா'ன்னு அடிச்சா உள்ள இருக்கறது 'எம், கே, செமிகோலன், கே, ஹெச்'. கண்ணுக்கு அம்மா, காதுக்கு எம்கேசெமிகோலன். யூனிகோடுதான் இனிமேன்னு தமிழ்நாடு அரசு 2010லயே ஆணை போட்டாச்சு. பழைய வானவில் ஃபான்ட்டு கோப்புங்க இன்னும் சாகல. அதைவிட மோசம், பேப்பரை அப்படியே ஸ்கேன் பண்ணிப் போடறது. அது எழுத்தே இல்ல, போட்டோ. ஸ்க்ரீன் ரீடர் 'காலி ஆவணம்'னு சொல்லிட்டுச் சும்மா இருந்துடும். மூணு பக்க டெங்கு எச்சரிக்கை, காலி.

இன்னொண்ணு: யூனிகோடுல சுத்தமாத்தான் எழுதியிருப்பாங்க, ஆனா 'இந்தப் பக்கம் தமிழ்'னு கோடிங்ல ஒரு வார்த்தை போட மறந்திருப்பாங்க. அப்ப ஸ்க்ரீன் ரீடர் இங்கிலீஷ் குரலைக் கூப்பிட்டு தமிழைக் கையில கொடுக்கும். அந்தக் குரல் ஒண்ணு வாயே திறக்காது, இல்லன்னா கொலை பண்ணும்.

எல்லாம் சரியா இருந்து, குரலும் சரியாப் படிச்சா? 'உயர் குருதி அழுத்தம் உடையோர் மருத்துவ ஆலோசனையின்பேரில்...'னு வரும். பெரியம்மா கேட்டாங்க, "இது யாருக்கு வர்ற வியாதி?" அவங்களுக்கே இருக்கு. அவங்க அதை பிபின்னு சொல்வாங்க. எதிர்வீட்டுப் பாட்டி ரத்தக்கொதிப்புன்னு சொல்வாங்க. நீரிழிவுன்னு தளத்துல இருக்கும், ஊரே சுகர்ங்கும். அறிவுத்திறன் குறைபாடு இருக்கறவங்க, பக்கவாதம் வந்து வார்த்தை தடுமாறுறவங்க, படிப்பு குறைஞ்சவங்க, எல்லாரும் இந்த இடத்துலதான் தடுக்கி விழறாங்க.

இங்கிலாந்து என்எச்எஸ் எழுத்துக் கையேட்டுல ஒரு விஷயம் இருக்கு, படிச்சதும் நம்ம ஆள் எழுந்து நின்னு கைதட்டினார். 'யூரின்'னு எழுதாதீங்க, 'பீ'ன்னு எழுதுங்க. 'ஸ்டூல்'னு எழுதாதீங்க, 'பூ'ன்னு எழுதுங்கன்னு அரசாங்கமே சொல்லுது. (அவங்க ஊர்ல 'பீ'ன்னா ஒண்ணுக்கு. நம்ம ஊர்ல அதே சத்தம் ரெண்டுக்கு. மொழிபெயர்க்கிறவங்க ஜாக்கிரதை.) ஒரு தமிழ் சுகாதாரத் தளத்துல 'சிறுநீர் கழிக்கையில் எரிச்சல்'னு இருக்கற இடத்துல 'ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல்'னு எழுதிப் பாருங்க, கமிட்டி கூடிடும்.

சட்டமா, இருக்கு. 21 வகை மாற்றுத்திறனைச் சேர்த்த 2016 சட்டம் இருக்கு. அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி 2009லேர்ந்து இருக்கு, 2023ல மூணாவது பதிப்பும் வந்தாச்சு. ஆனா அந்தச் சட்டத்துக்கான 2017 விதிகள்ல 15ஆம் விதி பேசினதைப் பார்த்தா கட்டளை மாதிரி இருந்துச்சு, உள்ள இருந்தது 'முடிஞ்சா பண்ணுங்க'தான். ராஜீவ் ரதூரிங்கற பார்வையற்றவர் 2005ல போட்ட பொதுநல வழக்கு, 19 வருஷம் உருண்டு, 2024 நவம்பர் 8ல ஒரு முடிவுக்கு வந்துச்சு. சந்திரசூட்டுக்கு தலைமை நீதிபதியா அதுதான் கடைசி வேலை நாள். அந்த விதி தாய்ச் சட்டத்துக்கே முரண், மூணு மாசத்துல கட்டாய விதி கொண்டுவாங்கன்னு தீர்ப்பு. அடுத்த வருஷம் ஏப்ரல் 30ல இன்னொண்ணு. ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் பேங்க்ல அக்கவுன்ட் திறக்கப் போனா, கேமரா முன்னாடி கண்ணைச் சிமிட்டச் சொல்லியிருக்காங்க. அவங்களால சிமிட்ட முடியாது. டிஜிட்டல் சேவையை அணுகறது வாழும் உரிமையோட பகுதின்னு சொல்லி நீதிபதிங்க பர்திவாலாவும் மகாதேவனும் 20 கட்டளை கொடுத்தாங்க.

செலவு ஆகுமேன்னு ஒரு பல்லவி எப்பவும் உண்டு. சிட்னி ஒலிம்பிக்ஸ்காரங்களும் பாடினாங்க. 1999ல ப்ரூஸ் மக்வயர்ங்கற பார்வையற்றவர், தளத்தைத் தன்னால படிக்க முடியலன்னு புகார் கொடுத்தார். படத்துக்கு விளக்கம் எழுதுங்க, அட்டவணையைச் சரி பண்ணுங்கன்னு கேட்டார். ஐயோ, அதுக்கு 22 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் ஆகும்னாங்க. மனித உரிமை ஆணையம் நம்பல. 2000ல போட்டி தொடங்கறதுக்கு முன்னாடியே சரி பண்ணச் சொல்லுச்சு, பண்ணல, 20,000 டாலர் கட்டினாங்க. அதே ஆஸ்திரேலியாவுல 2006ல மைக்கேல் கரன், ஜேம்ஸ் டேன்னு பார்வை இல்லாத ரெண்டு பசங்க, ஸ்க்ரீன் ரீடர் விலை கட்டுப்படி ஆகலன்னு தாங்களே ஒண்ணு எழுத ஆரம்பிச்சாங்க. அதான் என்விடிஏ. இன்னைக்கு வரைக்கும் இலவசம். நம்ம ஆள் லேப்டாப்ல அன்னைக்கு மத்தியானமே இறக்கிட்டார். உங்க தளத்தைச் சோதிக்க பட்ஜெட் ஒதுக்கணும்னு சொல்றவங்ககிட்ட இதைச் சொல்லுங்க. என்விடிஏல 'ஹெச்' அமுக்கினா தலைப்பு தலைப்பா தாவும். உங்க பக்கத்துல தாவலன்னா, தலைப்புன்னு நீங்க நெனச்சது வெறும் பெரிய எழுத்து.

ஆனா மெஷின் சோதனை மட்டும் போதாது. படத்துக்கு விளக்கம் இருக்கான்னு மெஷின் பார்க்கும். 'படம்1'னு விளக்கம் எழுதியிருந்தா அதுக்குப் பாஸ் மார்க் போட்டுடும். பெரியப்பா மாதிரி ஒருத்தரை ஒரு மணி நேரம் உக்கார வச்சு, சம்பளம் கொடுத்து, 'ஒரு டோக்கன் எடுங்க'ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டுப் பார்க்கணும். இது நடக்காததுதான் மத்த எல்லாக் கோளாறுக்கும் மூலம்னு இந்த ஆசாமி உறுதியா நம்பறார்.

சரி, அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்பினீங்களான்னு கேப்பீங்க. பெரியப்பாவே அனுப்பறேன்னார். கருத்துப் படிவத்தைத் திறந்தார். அடில கேப்சா. கேப்சா படிக்க முடியலன்னு புகார் சொல்ல, கேப்சாவைப் படிக்கணும்.

மனுஷன் அசரல. இன்லேண்ட் லெட்டர் வாங்கிட்டு வரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல தம்பி பையன் எழுதினான். 'பட்டன்களுக்குப் பெயர் வைக்கவும். உங்கள் தளம் முகவரி இல்லாத கவர் போல உள்ளது. இப்படிக்கு, ஓய்வு பெற்ற தபால் பிரிப்பாளர்.' பின்கோடை ரெண்டு தடவை சரி பார்க்கச் சொன்னார்.

மூணு மாசம் பதில் இல்ல. போன வாரம் சும்மா ஒரு தடவை தளத்தைத் திறந்து தேச்சுப் பார்த்திருக்கார். "தேதியைத் தேர்ந்தெடுக்கவும் பட்டன், பட்டன்"னு சொல்லுச்சாம். பட்டன்ங்கறதை டாக்பேக் தானாவே சொல்லும், பேர்லயும் அதை எழுதி வச்சதால ரெண்டு தடவை வருது. "நேரத்தைத் தேர்ந்தெடுக்கவும் பட்டன், பட்டன்." "சமர்ப்பிக்கவும் பட்டன், பட்டன்."

"ஏண்டா, திக்குவாய் மாதிரி பேசுதே"ன்னு கேட்டார்.

"இன்னொரு லெட்டர் போடுவோமா பெரியப்பா?"

"இருடா, முதல்ல டோக்கனை எடுத்துக்கறேன்."

செவ்வாய்க்கிழமை, பத்து இருபது. யாரையும் கூப்பிடல.